பூசணி போட்ட மக்ரோனி பேக்: வாசகர் கேள்விகள், அடுப்பங்கரைப் பதில்கள்

ஐப்பசி மழை தொடங்கியதும் மார்க்கெட்டில் மஞ்சள் பூசணி குவிகிறது, காலிஃபிளவர் வெள்ளையாக வந்து இறங்குகிறது. மேல்நாடுகளில் இலையுதிர் காலத்துக் காய்களைப் போட்டு ‘அவன்’ என்ற பேக்கிங் அடுப்பில் செய்யும் சீஸ் மக்ரோனியை நம் வீட்டில், வயிற்றுக்குப் பாரமில்லாமல் செய்ய முடியுமா என்று வடசென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளில் சில இங்கே.

பேக் செய்த சீஸ் மக்ரோனியில் வெளிநாட்டினர் ‘பட்டர்நட்’ என்ற பூசணியைப் போடுகிறார்கள். நம்முடைய மஞ்சள் பூசணியில் செய்யலாமா? சீஸைக் குறைத்தால் சப்பென்று ஆகிவிடாதா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

தாராளமாகச் செய்யலாம். இந்தப் பண்டத்தைக் கனமாக்குவது சீஸ் மட்டும் இல்லை. வெண்ணெயும் மைதாவும் கொழுப்புப் பாலும் சேர்ந்த வெள்ளை சாஸ் சீஸுக்கு இணையாகக் கொழுப்பைக் கொண்டுவருகிறது. நான்கு பேருக்கு 50 கிராம் வெண்ணெய், அரை லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் பால் (கொழுப்பு நிறைந்தது), 200 கிராம் சீஸ் என்று வழக்கமான அளவில் செய்தால் ஒருவர் தட்டுக்குச் சுமார் 30 கிராம் கொழுப்பு போகும். சாஸின் பாதி இடத்தை மசித்த பூசணிக்குக் கொடுத்தால் 12, 13 கிராமில் முடித்துவிடலாம். கெட்டித்தன்மையும் வழவழப்பும் நிறமும் பூசணியிலிருந்தே கிடைத்துவிடும். சீஸ் ருசிக்கு மட்டும் வந்தால் போதும்.

நான்கு பேருக்கான அளவு: மக்ரோனி 200 கிராம். தோலோடு பூசணி அரை கிலோ. காலிஃபிளவர் 200 கிராம் (தயார் செய்யும் முறை கீழே வருகிறது). நீல பாக்கெட் பால் (கொழுப்பு குறைந்தது) 300 மில்லி. வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, மைதா ஒன்றரை மேசைக்கரண்டி. சாதாரண பிராசஸ்டு சீஸ் 60 கிராம், மொசரெல்லா 40 கிராம். சிறிய வெங்காயம் ஒன்று, பூண்டு இரண்டு பல், கடுகுத் தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத் தூள், துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. மேலே தூவ இரண்டு ஸ்லைஸ் பிரெட்டின் தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெய்.

பூசணியைத் தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள், குக்கரிலும் வேண்டாம். தோலோடு பெரிய துண்டுகளாக்கி, தோல் அடியில் இருக்கும்படி இட்லித் தட்டில் அடுக்கி 12 முதல் 15 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். சதையைக் கரண்டியால் வழித்து மசித்து, காய்ந்த வாணலியில் ஐந்து நிமிடம் கிளறுங்கள். அல்வா போல ஓரம் விட்டு வரவேண்டும். இறுதியில் 300 கிராம் விழுது இருந்தால் சரி. இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் பண்டம் முழுக்கத் தண்ணீர் வாசனைதான் அடிக்கும்.

மக்ரோனிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். சீஸிலேயே உப்பு இருப்பதால் இரண்டு தேக்கரண்டி உப்புக்கு மேல் போடாதீர்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பே இறக்கி வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் லேசாக மாவு தெரியவேண்டும், மிச்சம் சாஸில் வெந்துகொள்ளும். வடித்த தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து வையுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசுவது வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் மாவுச் சத்துதான் சாஸைப் பிடித்து வைக்கும்.

வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டை வதக்கி, தணலைக் குறைத்து மைதாவை இரண்டு நிமிடம் பச்சை வாசனை போக வறுங்கள். நிறம் மாறக்கூடாது. பாலை மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தவணையும் கட்டியில்லாமல் கலந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். மூன்று நிமிடம் கொதித்ததும் பூசணி விழுது, கடுகுத் தூள், மிளகு, ஜாதிக்காய். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து பிராசஸ்டு சீஸ் முழுவதையும் மொசரெல்லாவில் பாதியையும் கலக்குங்கள். மக்ரோனியும் காலிஃபிளவரும் சேர்ந்த பிறகு சாஸ் ஆப்ப மாவு பதத்தில் ஓடவேண்டும். கெட்டியாக இருந்தால் எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். தட்டில் பரிமாறும் பதத்தை இப்போதே எதிர்பார்த்தால் அவனில் இருந்து வறண்ட கட்டிதான் வரும், ஏனென்றால் மக்ரோனி இன்னும் குடிக்கும்.

பாத்திரத்தில் பரப்பி, மீதி மொசரெல்லாவையும் எண்ணெயில் பிசறிய பிரெட் தூளையும் தூவி, 10 நிமிடம் சூடேற்றிய அவனில் 180 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். கடைசி மூன்று நிமிடம் மேல் கம்பியை மட்டும் 220-இல் ஓடவிட்டால் நிறம் பிடிக்கும். வெளியே எடுத்து பத்து நிமிடம் ஆறவிட்டே வெட்டவேண்டும், அதற்குள் சாஸ் இறுகிவிடும்.

சீஸைக் குறைத்தும் சப்பென்று போகாமல் காப்பது கடுகுத் தூளும் மிளகும்தான். கடுகு தனியாகத் தெரியாது, சீஸின் காரசார வாசனையைத் தூக்கிக் கொடுக்கும். நன்கு முதிர்ந்த செடார் சீஸ் கிடைத்தால் 100 கிராமுக்குப் பதில் 70 கிராமே போதும். ருசி அழுத்தமாக இருக்கும் சீஸைக் குறைவாகப் போடுவது, மென்மையான சீஸை நிறையப் போடுவதைவிட எப்போதும் மேல்.

எனக்கு சாஸ் திரிந்து மணல் மணலாகிவிடுகிறது. மேலே எண்ணெய் மிதக்கிறது.
– வாசகி, பெரம்பூர்

கொதிக்கும் சாஸில் சீஸைப் போட்டிருப்பீர்கள். சூடு மீறினால் சீஸின் புரதம் இறுகிச் சுருங்கி, தன்னுள் இருக்கும் கொழுப்பையும் தண்ணீரையும் பிழிந்து வெளியே தள்ளும். அதுதான் நீங்கள் பார்த்த எண்ணெயும் மணலும். அடுப்பு அணைந்து, குமிழி அடங்கிய பிறகே சீஸ் உள்ளே போகவேண்டும், அதுவும் கைப்பிடி கைப்பிடியாக. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டியைக் கால் மணி நேரம் முன்பே துருவி வெளியே வையுங்கள். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள், அது சாஸில் நைஸாகக் கரையாது.

முதிர்ந்த செடார் இந்த விஷயத்தில் முரண்டு பிடிக்கும். பிராசஸ்டு சீஸ் திரியாது. அதைத் தயாரிக்கும்போதே கொழுப்பும் புரதமும் பிரியாமல் பிடித்து வைக்கும் உப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதே காரணத்தால் அது மொசரெல்லா போல இழுபடாது, மேலே தூவினால் அழகாகச் சிவக்கவும் செய்யாது. அதனால்தான் பிராசஸ்டு சாஸுக்குள்ளே, மொசரெல்லா மேலே என்று பிரித்தோம்.

திரிந்துபோன சாஸைக் கொட்ட வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றுங்கள். சூடான சாஸை மூடி இறுக்கி அடிக்காமல், கொஞ்சம் ஆறியதும் அடியுங்கள்.

அடியில் தண்ணீர் தேங்குகிறது. காலிஃபிளவர்தான் காரணமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

அதுவேதான். காலிஃபிளவரைப் பச்சையாகப் போட்டால் அவனில் வேகும்போது தன் தண்ணீரை எல்லாம் சாஸில் விடும். புழுவுக்காக மஞ்சள் தூளும் உப்பும் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைப்போம் இல்லையா, அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, துணியில் பரப்பி, கை வைத்தால் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காயவிடவேண்டும். இன்னும் நல்ல வழி, காயவிட்ட பூக்களை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அதிகத் தணலில் ஓரம் சிவக்க வறுப்பது. தண்ணீரும் போகும், பாதாம் போன்ற ஒரு வாசனையும் வரும். காளான், கீரை போடுபவர்களுக்கும் இதே விதி. கீரையை வதக்கிப் பிழிந்த பிறகே சேர்க்கவேண்டும்.

பூசணியும் காரணமாக இருக்கலாம். மார்க்கெட்டில் கீற்றாக வெட்டி வைத்திருப்பதில் நடுவில் நார் நாராக, ஈரம் மினுங்க இருப்பதை ஒதுக்குங்கள். சதை அடர்ந்து, கருஞ்சிவப்பை ஒட்டிய ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் கீற்றைக் கேட்டு வாங்குங்கள். முழுக்காயாக வாங்கினால் காம்பு காய்ந்திருக்கவேண்டும், நகத்தால் அழுத்தினால் தோலில் தடம் விழக்கூடாது.

ஆயுத பூஜைக்கு வாங்கிய பூசணி ஒன்று உடைக்காமல் மிச்சமிருக்கிறது. அதைப் போடலாமா?
– வாசகர், ராயபுரம்

திருஷ்டிக்கு உடைப்பது சாம்பல் பூசணி. அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். எவ்வளவு சுண்டவைத்தாலும் மஞ்சள் பூசணியின் மாவுத்தன்மை அதில் வராது. அதை மோர்க்குழம்புக்கும் கூட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மஞ்சள் பூசணிதான் வேண்டும்.

எங்கள் வீட்டில் அவன் இல்லை. குக்கரில் மணல் போட்டு கேக் செய்வதுபோல் செய்யலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

குக்கரைத் தண்ணீரில்லாமல் நெடுநேரம் காயவைப்பது அந்தப் பாத்திரத்துக்கு நல்லதல்ல. தடித்த இரும்பு வாணலியோ பழைய கனமான அலுமினியச் சட்டியோ எடுங்கள். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல் உப்பு, அதன் மேல் ஒரு வளையம். மூடி, மிதமான தணலில் பத்து நிமிடம் சூடேற்றி, எவர்சில்வர் டப்பாவில் நிரப்பிய மக்ரோனியை இறக்கி, தணலைக் குறைத்து 25 நிமிடம். கண்ணாடிப் பாத்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஒரு பக்கச் சூட்டில் விரிசல் விடும். மூடியில் சேரும் ஆவி சொட்டினால் மேல்பகுதி நசநசவென்று ஆகிவிடும், எனவே மூடியைப் பருத்தித் துணியால் சுற்றி, துணி நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள். தொங்கும் நுனி தீயைத் தொட்டுவிடக் கூடாது.

இப்படிச் செய்தாலும் மேலே சிவக்காது, சூடு அடியிலிருந்து மட்டுமே வருகிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தப் பண்டத்தில் அவனுக்குள் போய் வேகவேண்டியது ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. இறுகுவதும் மேலே மொறுமொறுப்பதும் மட்டுமே பாக்கி. ஆகவே உப்பும் வளையமும் இல்லாமலே, அடி கனமான சட்டியில் எல்லாவற்றையும் பரப்பி, சட்டிக்கு அடியில் தோசைக்கல்லை வைத்து, மிகக் குறைந்த தணலில் மூடிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். பிரெட் தூளைத் தனியாக வாணலியில் எண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்து, பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். மழைக்காலத்துக்கு இந்த முறையே உத்தமம். காற்றின் ஈரத்தில் முன்கூட்டியே தூவிய பிரெட் தூள் அரை மணியில் பதத்துப்போகும்.

புதிதாக ஓ.டி.ஜி. என்ற மின்சார அவன் வாங்குவதாக இருந்தால், கடைக்குப் போகுமுன் சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் மிக்ஸிக்குப் போட்ட சிறிய பிளக்தான் இருக்கும். 1500 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும் அடுப்பை அதில் செருகுவது ஆபத்து.

மக்ரோனிக்குப் பதில் அத்தோ நூடுல்ஸில் செய்தால் எப்படி இருக்கும்? சேமியா?
– வாசகர், வியாசர்பாடி

1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் நம் பகுதிக்குக் கொண்டுவந்த அத்தோவின் மீது எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அந்த நூடுல்ஸ் ஏற்கெனவே வெந்து, எண்ணெய் பூசி வருவது. சாஸில் இருபது நிமிடம் இருந்தால் குழைந்து களியாகிவிடும். சேமியாவும் மெல்லிசு, அதுவும் தாங்காது. மக்ரோனியிலேயே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். டியூரம் கோதுமை ரவையில் செய்தது என்று இருந்தால் கடினமாக நிற்கும். மைதாவில் செய்தது இரண்டு நிமிடம் கூடினாலே கூழாகும். உள்ளே குழல் இருக்கும் வடிவங்கள், பென்னே போன்றவை, சாஸை வயிற்றில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அத்தோவிலிருந்து கடன் வாங்கத் தகுந்தது அதன் மேல்தூவல். பிரெட் தூளுக்குப் பதிலாகப் பொரித்த வெங்காயத்தையும் நொறுக்கிய தட்டையையும் பரிமாறும் சமயத்தில் தூவிப் பாருங்கள், பூசணியின் இனிப்புக்கு எதிரே மிகப் பொருத்தமாக நிற்கும். நான்கு பேருக்கு இரண்டு தட்டை போதும். அதற்கு மேல் போனால் நாம் குறைத்த எண்ணெய் வேறு வழியாகத் திரும்பி வந்துவிடும். சாஸில் உப்பையும் ஒரு சிட்டிகை குறையுங்கள்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் சுத்த சைவம். சீஸ் சைவமா?
– வாசகி, திருவொற்றியூர்

பாலைத் திரட்டப் பயன்படுத்தும் ரென்னெட்டைப் பொறுத்தது. பழைய முறையில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இப்போது நுண்ணுயிரிகளிலிருந்து கிடைக்கும் ரென்னெட் பரவலாக இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் நம்பி வாங்கலாம். இறக்குமதியாகும் இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் மட்டும் கவனம். அதன் விதிமுறையே கன்றின் ரென்னெட்டைத்தான் சொல்கிறது.

புரட்டாசி முடிந்ததும் இறால் சேர்க்க நினைக்கிறேன்.
– வாசகி, காசிமேடு

பூசணிக்கும் இறாலுக்கும் நன்றாக ஒத்துப்போகும். உரித்து, முதுகு நரம்பு எடுத்த சிறிய இறால் 200 கிராம். உப்பு, மஞ்சள், மிளகு பிசறி, அகன்ற வாணலியில் அதிகத் தணலில் ஒரு நிமிடம் மட்டும் புரட்டுங்கள். ஓரம் சிவந்து நடு இன்னும் கண்ணாடி போல இருக்கும்போதே எடுத்துவிடவேண்டும். முழுக்க வெந்த இறால் மறுபடி அவனுக்குப் போனால் ரப்பர்தான். வாணலியில் விட்ட தண்ணீரைத் தனியாகச் சுண்டவைத்து சாஸில் சேருங்கள், ருசி முழுக்க அதில் இருக்கிறது. இறாலை மேலே அடுக்காமல் மக்ரோனிக்கு நடுவே புதைத்து வையுங்கள், உள்ளேயே முழுதாக வெந்துவிடும். சமைத்த அன்றே சாப்பிட்டுவிடுவது நல்லது. இறால் போடும்போது காலிஃபிளவரை விட்டுவிடலாம், இரண்டும் சேர்ந்தால் வாசனை மோதுகிறது.

ஆப்பிள், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டுச் செய்தேன். பாயசம் போல இனித்தது. வெளிநாட்டுக் குறிப்பில் சொன்ன சேஜ் இலையும் கிடைக்கவில்லை.
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

மூன்று இனிப்பை ஒரே பாத்திரத்தில் போட்டால் அப்படித்தான் ஆகும். பூசணியோடு ஒன்றுக்கு மேல் வேண்டாம். சர்க்கரைவள்ளி போடுவதானால் பூசணி விழுதில் கால் பங்கை அதற்குக் கொடுங்கள், பாலை 50 மில்லி கூட்டுங்கள், அது இன்னும் அதிகமாகக் கெட்டியாக்கும். ஆப்பிள் போடுவதானால் புளிப்பு ரகம், பாதிப் பழம், பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்கி. இனித்துவிட்ட சாஸுக்கு மிளகும், இறக்கியபின் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் மருந்து. சாறு கொதிக்கும் சாஸில் விழக்கூடாது, பால் திரிந்துவிடும்.

சேஜுக்காக அலையவேண்டாம். தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாக நறுக்கி பிரெட் தூளில் கலந்துவிடுங்கள். தைம், ஆரிகானோ இலைகளுக்கு வாசனை தரும் அதே வகைச் சத்துகள்தான் அதிலும் இருக்கின்றன. இரண்டுக்கு மேல் போனால் கஷாய வாசனை வந்துவிடும்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பூசணி இனிப்பாயிற்றே, கொடுக்கலாமா? மிச்சத்தைப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸில் வைக்கலாமா?
– வாசகி, மாதவரம்

பூசணியைக் கண்டு பயப்படவேண்டாம். 100 கிராம் பூசணியில் மாவுச்சத்து சுமார் 6 கிராம்தான், வேகாத மக்ரோனியிலோ 70 கிராமுக்கு மேல். அளவு பார்க்கவேண்டியது மக்ரோனியை. அப்பாவுக்கு 50 கிராமுக்குப் பதில் 30 கிராம் கணக்கில் போட்டு, அந்த இடத்தைக் காலிஃபிளவராலும் வேகவைத்த கொண்டைக்கடலையாலும் நிரப்புங்கள். குழைய வேகவைக்காதீர்கள், குழைந்த மக்ரோனி சீக்கிரம் செரித்து சர்க்கரையை வேகமாக ஏற்றும். அவருடைய மருந்து, உணவு அளவை மருத்துவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தமும் இருந்தால் பிராசஸ்டு சீஸைப் பாதியாக்கி, மீதிக்கு 50 கிராம் பன்னீரைப் பாலோடு மிக்ஸியில் அரைத்துச் சேருங்கள். உப்பும் குறையும், புரதமும் கிடைக்கும்.

டிபன் பாக்ஸுக்கு முந்தின இரவே செய்து, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க வெளியே விடவேண்டாம். காலையில் இறுகிப்போய் இருக்கும், இரவெல்லாம் மக்ரோனி சாஸைக் குடித்திருக்கும். ஒரு கிண்ணத்துக்கு மூன்று மேசைக்கரண்டி பால் ஊற்றி, மூடி, குறைந்த தணலில் ஆவி பறக்கச் சூடாக்கி, மறுபடி ஆப்ப மாவு பதம் வந்ததும் இறக்குங்கள். கொஞ்சம் ஆறவிட்டு டப்பாவை மூடவேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து மேலே தண்ணீர் நிற்கும். வறுத்த பிரெட் தூளைச் சின்ன டப்பாவில் தனியாகக் கொடுத்துவிடுங்கள், பிள்ளை சாப்பிடும்போது தூவிக்கொள்ளட்டும்.